இருநூறு

1

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஜவுளிக்கடைக் கவர். உள்ளே மாமாவின் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள். ஒரு எக்ஸ்ரே படம், மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன ஓ.பி. சீட்டு, இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்கள். "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். இதெல்லாம் இன்னும் வெச்சிருக்கணுமா, தூக்கிப் போட்டுடலாமா? நீ படிச்சுப் பாத்து சொல்லு சாமி" என்றார்.

ஒரு தாளில் மாமாவின் பெயர், வயது 37, தேதி 2006 ஆகஸ்ட். அதற்குக் கீழே 268 என்று ஓர் எண். அதைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

மாமா லாரி டிரைவர். அம்மாவுக்கு நேர் இளையவர். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றுவார், சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போவார், சில சமயம் நாக்பூரையும் தாண்டுவார். 2006-இல் உடம்பு இளைத்துக்கொண்டே போகிறதென்று பரிசோதனை செய்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பிறகு இந்த எண்ணைப் பார்த்தார்கள். "நம்பர் நல்லா இருக்கு. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த வருடம் இந்தியாவின் எந்த அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் அநேகமாக இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

ஆறு மாதம் கழித்து மாமா போகவில்லை. லோடு இருந்தது. 2007 கோடையில் தலைவலி, காய்ச்சல், பிறகு நினைவு தப்பியது. டி.பி. மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். வார்டில் பதினோராவது நாள் இறந்தார். நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஹாஸ்டலுக்கு போன் வந்தது. மூளைக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னார்கள். மீதியை நான் தெரிந்துகொள்ள ஏழெட்டு வருடம் ஆனது.

அத்தைக்கும் தொற்று இருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அன்று காகிதங்களை நான் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் கேட்டார்: "அன்னிக்கே அந்த மாத்திரைய குடுத்திருந்தா உங்க மாமா இருந்திருப்பாரா சாமி?"

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் ஓர் எண்ணை வைத்து 'இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா' என்று முடிவெடுக்கும் நிரல்களை எழுதித்தான் பிழைக்கிறேன். எங்கள் தொழிலில் 'மேஜிக் நம்பர்' என்று ஒரு வசவு உண்டு. யாரோ எப்போதோ நிரலுக்குள் ஓர் எண்ணைப் போட்டிருப்பார்கள். ஏன் அந்த எண் என்று எங்கேயும் குறிப்பு இருக்காது. எழுதினவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எல்லாரும் அதைத் தொடப் பயந்துகொண்டு அப்படியே விட்டிருப்பார்கள்.

மாமாவின் 268 'நல்ல நம்பர்' ஆனது 200 என்ற இன்னொரு எண்ணோடு ஒப்பிட்டதால். அந்த 200 எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

2

நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை சி.டி.4 அணு. கிருமி உள்ளே வந்தால் மற்ற எதிர்ப்பு அணுக்களுக்குத் தகவல் சொல்லி வேலை வாங்குவது இதுதான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவார்கள். ஆரோக்கியமானவருக்குச் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். எச்.ஐ.வி. கிருமி இந்த அணுவுக்குள்தான் புகுந்து பெருகுகிறது. மருந்தில்லாவிட்டால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கை இறங்கும். அந்த வருடங்களில் ஆள் நன்றாகவே இருப்பார், லாரி ஓட்டுவார், கல்யாணத்தில் பந்தி பரிமாறுவார்.

1981 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இளைஞர்கள் ஐந்து பேருக்கு ஓர் அபூர்வமான நிமோனியா வந்ததாக வெளியான சிறு அறிக்கைதான் எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவப் பதிவு. அந்த நிமோனியாவின் பெயர் நியூமோசிஸ்டிஸ். ஆரம்ப வருடங்களில் அங்கே எய்ட்ஸ் நோயாளிகளை அதிகமாகக் கொன்றதும் அதுவே. 1984-இல் பால்டிமோர், சிகாகோ, பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு ஒன்று தொடங்கியது. சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கியவர்களுக்கு இந்த நிமோனியா வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று அது காட்டியது. 200-க்குக் கீழே போனால் நிமோனியாவைத் தடுக்கும் மாத்திரையை ஆரம்பியுங்கள் என்று 1989-இல் அமெரிக்க அரசு மருத்துவர்களுக்குச் சொன்னது. 1993-இல், 200-க்குக் கீழே போனாலே அது எய்ட்ஸ் என்று வரையறையையும் மாற்றினார்கள்.

ஆக, 200 முதலில் ஒரு கேள்விக்கான பதிலாகத்தான் பிறந்தது: அமெரிக்க நகரத்து ஆண் ஒருவருக்கு இந்த ஒரு நிமோனியா வராமல் தடுக்க எப்போது மாத்திரை கொடுக்கலாம்? பிற்பாடு 'எச்.ஐ.வி. மருந்தையே எப்போது ஆரம்பிக்கலாம்?' என்ற வேறொரு கேள்விக்கும் இதே எண் பதிலாக வந்து உட்கார்ந்தது. ஒரு வேலைக்காக எழுதின மாறிலியை இன்னொரு வேலைக்கும் தூக்கிப் போடுவது எங்கள் தொழிலில் தினமும் நடப்பதுதான்.

ஆதாரமே இல்லாமல் அதை வைத்தார்கள் என்று சொன்னால் அது நியாயமில்லை. 200-க்குக் கீழே போன பிறகு மருந்தைத் தொடங்கியவர்களில் இறப்பவர்கள் அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. 200-க்குக் கீழே ஆபத்து என்பது உறுதியாகத் தெரியும். 200-க்கும் 350-க்கும் நடுவில் இருப்பவருக்கு என்ன செய்வது என்பதுதான் உறுதியாகத் தெரியாமல் இருந்தது. மாமா சரியாக அந்த இடத்தில் நின்றிருந்தார்.

3

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் உறுதியானது நம் ஊரில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையிலிருந்த டாக்டர் சுனிதி சாலமன் தன் மாணவி நிர்மலாவுக்கு இதை ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். பாலியல் தொழிலில் பிடிபட்டு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரிகள் எடுத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். 6 மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்காவில் மறுசோதனை செய்து உறுதியான பிறகு, அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

தர்மபுரிக்காரர்களுக்கு 'பெரிய வைத்தியம்' என்றால் இன்றைக்கும் வேலூர்தான். அந்தக் கட்டடத்தில் இப்படி ஒரு விஷயம் நடந்தது என்பது எனக்கே இதைத் தேடும்போதுதான் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் நிர்மலாவே இதை மறைக்காமல் சொன்னார். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. இந்த நோயைப் பற்றி இந்த நாட்டில் எடுத்த முதல் முடிவில் நோயாளிக்கு இடம் இருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு ஏறத்தாழ பத்து வருடங்களுக்கு இங்கே முடிவெடுக்க ஒன்றுமே இருக்கவில்லை. ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வருடத்துக்குச் சுமார் 10,000 டாலர் ஆகும். 1993-இல் தாம்பரம் காசநோய் மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. மற்ற ஆஸ்பத்திரிகளில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். டி.பி.க்கும் மற்ற தொற்றுகளுக்கும் மருந்து கொடுத்தார்கள், கூடவே ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று சித்த மருந்துகளும் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போவதென்றால் மொரப்பூரில் ரயில் ஏறி சென்னை சேர்ந்து, அங்கிருந்து மின்சார ரயில் பிடிக்க வேண்டும்.

அந்த மருத்துவமனையைப் பற்றி நாங்கள் பள்ளிக்கூடத்தில் கேலி பேசியிருக்கிறோம். 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் விளம்பரம் இருந்தது ஞாபகமிருக்கிறதா? தொப்பூர் கணவாய் வழியே போகிற வரிசை லாரிகளைப் பார்த்து, அதில் யார் புள்ளிராஜா என்று பஸ் ஜன்னலில் உட்கார்ந்து விளையாடியிருக்கிறோம். அந்த வரிசையில் மாமாவின் வண்டியும் போயிருக்கும்.

4

சீக்கிரம் ஆரம்பிப்பதா, காத்திருப்பதா என்று மேற்கில் ஒரு பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. கிருமி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, உடனே கொடுக்க வேண்டியதுதானே என்று தோன்றும். 1988-இல் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் 1,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து கான்கார்ட் என்ற சோதனையைத் தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு உடனே ஏ.இசட்.டி., மீதிப் பேருக்கு நோய் வெளிப்பட்ட பிறகு. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் பிழைத்திருப்பதில் வித்தியாசமே இல்லை. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே அதற்குப் பழகிக்கொள்கிறது. முன்னதாக ஆரம்பித்தவர்களுக்குக் கிடைத்தது பக்கவிளைவுகள்தான். 1993-இல் இந்த முடிவு வெளியானபோது, காத்திருப்பதே சரி என்றானது.

மூன்றே வருடத்தில் அதுவும் புரண்டது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கிவிடுகிறது என்று 1996-இல் வான்கூவரில் நடந்த மாநாட்டில் காட்டினார்கள். 'சீக்கிரமாக அடி, பலமாக அடி' என்று நியூயார்க் விஞ்ஞானி டேவிட் ஹோ முந்தைய வருடமே எழுதியிருந்தார். எல்லாரும் உடனே ஆரம்பித்தார்கள். சில வருடங்களில் கன்னம் ஒட்டிப்போவது, காலில் எரிச்சல், கல்லீரல் கோளாறு என்று வந்ததும் மறுபடியும் காத்திருப்போம் என்று பின்வாங்கினார்கள். அந்தப் பின்வாங்கலில்தான் 200 மருந்துக்கான எல்லைக்கோடாக நிலைபெற்றது. 2000-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் ஏழை நாடுகளுக்குச் சொன்னதும் 200-தான். சி.டி.4 எண்ணும் இயந்திரமே இல்லாத ஊர்களில் அறிகுறிகளையும், நிண அணுக்களின் மொத்த எண்ணிக்கை 1,200-க்குக் கீழே இருக்கிறதா என்பதையும் பார்த்து முடிவெடுக்கச் சொன்னது.

இந்த நேரத்தில் விலையும் சரிந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்று இந்தியா 1970-இல் போட்ட சட்டம் அதற்கு வழி விட்டிருந்தது. 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, மூன்று மருந்துகளையும் ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 350 டாலருக்கு 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார். அதுவரை மேற்கில் அதற்கு 10,000 டாலருக்கு மேல். நம் நாட்டு மாத்திரை ஆப்பிரிக்காவுக்குப் போக ஆரம்பித்தது. நம் அரசு மருத்துவமனைகளுக்கு வர இன்னும் மூன்று வருடம் ஆனது.

தானாகவும் வரவில்லை. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் வழியாகத் தொற்று வந்து, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் சில இந்தியப் பெண்களில் ஒருவர். 1998-இல் அவரும் மற்ற சில பெண்களும் சேர்ந்து சென்னையில் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். மருந்து கேட்டது, எங்களிடம் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவெடுக்காதீர்கள் என்றது, எல்லாம் இப்படிப்பட்ட அமைப்புகள்தான். 2004 ஏப்ரல் 1 அன்று தொற்று அதிகமிருந்த 6 மாநிலங்களில் 8 அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து தொடங்கியது. அதில் ஒன்று தாம்பரம்.

யாருக்குக் கொடுப்பது? அறிகுறி முற்றியவர்களுக்கும், சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இருப்பவர்களுக்கும்.

5

அன்றைய திட்ட அதிகாரியின் நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் பார்க்கிறேன். லட்சக்கணக்கில் நோயாளிகள், கையில் கொஞ்சம் மருந்து. முதலில் சாகப்போகிறவரைக் காப்பாற்ற வேண்டும். கையில் இருந்த ஸ்டாவுடின் என்ற மருந்து மலிவு, ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட்டால் நரம்பு பாதிக்கும், கன்னக் கொழுப்பு கரையும். கிராமத்தில் ஒருவருக்குக் கன்னம் குழி விழுந்தால் அதுவே ஊருக்கு அறிவிப்புப் பலகை. அதைவிட முக்கியம், முதல் வரிசை மருந்துக்குக் கிருமி பழகிவிட்டால் அடுத்த வரிசை மருந்து அரசிடம் கிடையாது. தாம்பரத்திலும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் அது சோதனை முயற்சியாகத் தொடங்கியதே 2008-இல்தான். ஒரே ஒரு தோட்டாதான் இருக்கிறது என்றால் யாருமே கொஞ்சம் காத்திருக்கத்தான் சொல்வார்கள். நானும் 200 என்றுதான் எழுதியிருப்பேன்.

ஆனால் அந்த எண்ணுக்குத் தெரியாத சில விஷயங்கள் இருந்தன.

முதலாவது, டி.பி. அமெரிக்காவில் ஆபத்து அந்த அபூர்வ நிமோனியா. இங்கே எச்.ஐ.வி. உள்ளவரை அதிகம் கொல்வது காசநோய். டி.பி. 200-க்காகக் காத்திருப்பதில்லை. 300-இலும் வரும், 500-இலும் வரும். எண்ணிக்கை இறங்க இறங்க வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். அந்த நாட்டு நோயை வைத்து வந்த எல்லை, நம் நாட்டு நோய்க்கு நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது, அளவீடு. சி.டி.4 எண்ணிக்கை காலையில் எடுத்தால் ஒன்று, சாயங்காலம் எடுத்தால் ஒன்று. சளிக் காய்ச்சல் வந்தால் மாறும். ரத்தம் எடுத்த பிறகு அதிகநேரம் வைத்திருக்கவும் முடியாது, கிட்டத்தட்ட இரண்டு நாளுக்குள் எண்ணிவிட வேண்டும். இயந்திரமோ எங்கேயோ ஒரு ஊரில். ஒருவருக்கு இன்று 268 என்றால் அடுத்த வாரம் 220-ஆகவோ 310-ஆகவோ வரலாம். சென்சாரிலிருந்து வரும் ஒற்றை அளவை வைத்து முடிவெடுக்காதே என்று முதல் வேலையில் என் டீம் லீடர் திட்டியது ஞாபகம் வந்தது.

மூன்றாவது, காத்திருத்தல். மருந்து இன்னும் தொடங்காதவர்களின் பெயர்களை எழுத ஆஸ்பத்திரிகளில் தனிப் பதிவேடு இருந்தது. பெயர் 'ப்ரீ ஏ.ஆர்.டி. ரிஜிஸ்டர்'. வழிகாட்டி நூலில் காத்திருத்தல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து எண்ணிப் பார்ப்பது. நடைமுறையில், மருந்தும் கொடுக்காமல் மறுபடி வா என்று சொல்லப்பட்டவர்களில் பலர் திரும்ப வரவேயில்லை. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆய்வு ஆய்வாக இதைக் கண்டார்கள். ஒருநாள் கூலி போகும். பஸ் காசு வேண்டும். வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். முக்கியமாக, உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்? நம்பர்தான் நல்லா இருக்கே.

மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் வாங்கவாவது வருவார்கள். எடை பார்க்கலாம், இருமலைக் கேட்கலாம். இந்தப் பலன் எந்த 200-க்குள்ளும் கணக்கில் வரவில்லை.

6

பிறகு அந்த எண் நகர ஆரம்பித்தது.

எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது மறுபடி கொடுத்தால் பக்கவிளைவு மிச்சமாகுமே என்று 33 நாடுகளில் 5,472 பேரை வைத்துச் சோதித்தார்கள். சோதனையின் பெயர் ஸ்மார்ட். நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்கள் அதிகம் இறந்தார்கள், அவர்களுக்கு இதயம், கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளும் கூடின. 2006 ஜனவரியில் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். எண்ணிக்கை உயரமாக இருக்கும்போதும் கிருமி உள்ளே சும்மா இருப்பதில்லை என்பதற்கு அது பெரிய சான்று. மாமாவின் தாளில் வட்டம் போட்ட அதே வருடம்.

2010-இல் உலக சுகாதார நிறுவனம் எல்லையை 350-க்கு உயர்த்தியது. ஸ்டாவுடினைக் கைவிடச் சொல்லி, பக்கவிளைவு குறைந்த மருந்துகளுக்கு மாறச் சொன்னது. இந்தியாவும் கொஞ்சம் தாமதமாகப் பின்தொடர்ந்தது. அத்தைக்கு 2012-இல் மருந்து தொடங்கியது இப்படித்தான். அப்போது அவர் எண் 310. பழைய கணக்கில் அவரும் 'நல்ல நம்பர்'.

2011-இல் இன்னொரு முடிவு வந்தது. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 1,763 ஜோடிகள், 9 நாடுகள். இந்தியாவில் சென்னையும் புனேவும். சென்னையில் இதை நடத்தியது சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர். தொற்றுள்ளவருக்கு முன்னதாகவே மருந்தைத் தொடங்கினால் துணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. அதுவரை மருந்து என்பது நோயாளியின் உடம்புக்கு மட்டும். இனி அது வீட்டிலிருக்கிற இன்னொருவருக்கும் காவல்.

2013-இல் 500. கடைசிக் கேள்வியை ஸ்டார்ட் என்ற சோதனை கேட்டது: 500-க்கு மேலே இருப்பவருக்கும் கொடுக்கலாமா? 35 நாடுகள், 4,685 பேர். 2015 மே மாதம் பாதியிலேயே முடிவைச் சொன்னார்கள். உடனே தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் இறப்பும் 57 சதவீதம் குறைவு. அதே வருடம் உலக சுகாதார நிறுவனம் எண்ணையே எடுத்துவிட்டது. எச்.ஐ.வி. இருந்தால் மருந்து. இந்தியா 2017 ஏப்ரலில் அதை ஏற்றுக்கொண்டது. அதே மாதம் நாடாளுமன்றத்தில் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டமும் நிறைவேறியது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, சிகிச்சை தரக் கூடாது என்று எழுத்தில் வந்தது. காப்பகத்துப் பெண்களின் ரத்தத்திலிருந்து அந்த வரிக்கு வர 31 வருடம்.

எல்லையை எடுத்துவிட்டதால் முடிவெடுக்கும் சுமை போய்விடவில்லை. தலைவலிகூட இல்லாத ஒருவரிடம், இன்றிலிருந்து சாகும்வரை தினம் ஒரு மாத்திரை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்று புரியவைக்காமல் கொடுத்தால் அவரும் மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவார்.

7

இதை நான் பழங்கதையாக மட்டும் படிக்கவில்லை. ஆபீஸில் பக்கத்து இருக்கைத் தோழிக்குப் போன வருடம் முடக்குவாதம், அதாவது ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், என்று தெரிந்தது. எச்.ஐ.வி.க்கு நேர் எதிர்: அங்கே எதிர்ப்பு சக்தி தேய்கிறது, இங்கே அது தன் மூட்டையே கடித்துத் தின்கிறது. டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதினார். "இப்பவே எதுக்குங்க? வலி தாங்க முடியாம போனா ஆரம்பிக்கலாமே" என்று அவர் கேட்டபோது எனக்கு அத்தையின் கவர்தான் ஞாபகம் வந்தது.

அவர் கேட்டது ஒருகாலத்தில் மருத்துவர்களே நம்பியதுதான். 1980-கள்வரை முடக்குவாத சிகிச்சையைப் பிரமிடு என்பார்கள். அடியில் ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை, வருடங்கள் போகப் போக ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில்தான் பலமான மருந்து. பலமானது ஆபத்தானது, அதனால் தள்ளிப்போடு. ஆனால் மூட்டு எலும்பு அரிப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று தெரிந்தபோது பிரமிடைத் தலைகீழாகத் திருப்பினார்கள். இன்றைக்கு நோய் உறுதியான உடனேயே மெத்தோட்ரெக்ஸேட்தான் முதல் மருந்து. வாரத்துக்கு ஒருமுறை, ரத்தப் பரிசோதனைகளோடு.

இதனால் 'சீக்கிரம் ஆரம்பிப்பதே எப்போதும் சரி' என்று நான் சொல்ல வரவில்லை. கான்கார்ட் சோதனையில் சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எப்போது தொடங்குவது என்ற கோடு மருந்தின் தரம், விலை, அடுத்த மருந்து இருக்கிறதா என்பது, உள்ளூரில் எது கொல்கிறது என்பது, எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கோடு. ஆனால் அது நோயாளியின் கைக்கு வரும்போது உடம்பைப் பற்றிய உண்மையாக வந்து சேர்கிறது. 'இன்றைக்கு எங்களிடம் இருக்கும் மருந்துக்கும் ஆதாரத்துக்கும், காத்திருக்கலாம் என்று நினைக்கிறோம். காத்திருக்கும்போது உங்களுக்கு டி.பி. வரலாம், இருமலோ காய்ச்சலோ வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள்' என்பது ஒரு வாக்கியம். 'நம்பர் நல்லா இருக்கு' என்பது இன்னொரு வாக்கியம். முதல் வாக்கியத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் கூடத் தேவைப்படும். வெளியே இருநூறு பேர் நிற்கிற வார்டில் அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வரும் என்பதும் எனக்குத் தெரிகிறது.

தோழியிடம் நான் மருந்து சாப்பிடச் சொல்லவில்லை, அது என் வேலை இல்லை. காத்திருந்தால் என்ன ஆகும், சாப்பிட்டால் என்ன ஆகும், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மூன்றையும் டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். அந்த டாக்டர் காகிதத்தில் மூட்டை வரைந்து காட்டி இருபது நிமிடம் பேசினாராம்.

பொங்கல் முடிந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் அத்தையிடம் இதையெல்லாம் முடிந்தவரை சொன்னேன். நிமோனியா, 200, ஒரே ஒரு தோட்டா, 350 எல்லாம். மாமா சில வருடம் தள்ளி அந்த வாசலில் நின்றிருந்தால் அதே 268-க்கு மாத்திரை கொடுத்திருப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும் என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த டாக்டரு பொய் சொல்லல."

"இல்லத்தை. அன்னிக்கு அவங்ககிட்ட இருந்த விதி அதான்."

"நானும் பக்கத்துலதான் நின்னேன். நம்பரு நல்லா இருக்குன்னதும் உங்க மாமா என்னைப் பாத்து சிரிச்சாரு. வெளியில வந்து எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு. அன்னிக்கு ராத்திரியே லோடு ஏத்திக்கிட்டு போயிட்டாரு."

எக்ஸ்ரேயையும் ஓ.பி. சீட்டையும் போட்டுவிடச் சொன்னார். வட்டம் போட்ட தாளை மட்டும் மடித்து, தன் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.